பங்குல உயிருக்காக ஜெப விழிப்பு ஆரம்பிக்கிறது எப்படி: வேலூர்ப் பக்கத்து அனுபவத்துல ஒரு முழு வழிகாட்டி

எங்க மறைமாவட்டத்துலயே ரெண்டு மூணு பங்குல இருந்து கேட்டுட்டாங்க, "அக்கா, நாங்களும் கருக்கலைப்புக்கு எதிரா ஜெப விழிப்பு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எங்க நிக்கணும், என்ன ஜெபம் சொல்லணும், போலீஸ் பர்மிஷன் வேணுமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல துண்டு துண்டா சொல்றத விட மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல நாங்க பண்ண தப்பச் சொல்லிடறேன், ஏன்னா அத நீங்களும் பண்ணிடக் கூடாது.

முதல் வருஷம் தவக்காலத்துல நாங்க ஒரு பன்னெண்டு பேரு, மரியாயின் சேனைங்கிற பக்திக் குழுவுல இருந்தும் இளையோர் குழுவுல இருந்தும், ஒரு நர்சிங் ஹோமுக்கு எதிர்ல ரோட்டோரமா நின்னோம். கையில ஜெபமாலை, பின்னாடி பெரிய ஃப்ளெக்ஸ், அதுல சிதைஞ்சு போன சிசு படம், பசங்க யாரோ நெட்ல இருந்து எடுத்து அடிச்சுட்டு வந்தது. ஜெபமாலைல துக்க மறையுண்மை, மூணாவது பத்து, இயேசுவுக்கு முள்முடி வெச்சத சொல்லிட்டு இருக்கோம், கேட்டுக்குள்ள இருந்து ஒரு பொண்ணு வெளிய வர்றா, நைட்டி மேல துப்பட்டா, கையில ஸ்கேன் கவரு, புருஷன் தோள்ல சாஞ்சு ஒவ்வொரு அடியா வெச்சு நடக்குறா. பாத்தா எங்க அன்பியத்துப் பொண்ணு, அதாவது பங்குக்குள்ள பக்கத்து வீடுங்க சேந்த எங்க சின்னக் குழுவுல ஒருத்தி. மூணு மாசம் முடிஞ்சு ஸ்கேன் பண்ணப்ப குழந்தைக்குத் துடிப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க, கருப்பைய சுத்தம் பண்ற டிஎன்சி பண்ணிட்டு வீட்டுக்குப் போறா, அது எங்களுக்குத் தெரியாது. அவ அந்தப் படத்தப் பாத்தா, அப்புறம் எங்களப் பாத்தா, ஆட்டோல ஏறிப் போயிட்டா.

நாலு நாள் கழிச்சு விஷயம் தெரிஞ்சு கஞ்சி எடுத்துட்டுப் போனேன். "நான் எவ்ளோ ஆசையா வெச்சிருந்தேன்னு உனக்குத் தெரியும் இல்லக்கா, அந்தப் படத்த என் கண்ணுல காட்டிட்டீங்களே"ன்னு மட்டும் சொன்னா, கஞ்சியத் தொடவே இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல பூசைக்கே வரல. அன்னிக்கு இறக்கின ஃப்ளெக்ஸ் திரும்ப ஏறவே இல்ல, ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறதையும் விட்டுட்டோம். அங்க உள்ள போறவங்க எதுக்குப் போறாங்கன்னு வெளிய நிக்கிற நமக்கு எப்படித் தெரியும்? கரு கலைஞ்சு போனவ இருப்பா, குழாய்ல கரு தங்கி உசுருக்கு ஆபத்தா வந்தவ இருப்பா. அந்த மாதிரி நேரத்துல தாயக் காப்பாத்துற சிகிச்சைய திருச்சபை தப்புன்னு சொல்லல, இத உங்க குழுவுல இருக்க எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிடுங்க.

வயித்துல இருக்கறது ஒரு ஆளுங்கிறதுல எனக்கு துளி சந்தேகம் கிடையாது. மரியா வாழ்த்து சொன்ன சத்தம் கேட்டதும் எலிசபெத்தம்மா வயித்துல பிள்ளை துள்ளுச்சுன்னு லூக்கா 1:41ல இருக்கு, எல்லாருக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்துல 56வது வசனத்த யாரும் அவ்வளவா சொல்றதில்ல, மரியா ஏறக்குறைய மூணு மாசம் அவங்க கூடவே தங்கி இருந்தாங்கன்னு. வாழ்த்து சொல்லிட்டு கெளம்பல, தங்கினாங்க. எங்க ஜெப விழிப்பு முழுக்க இப்ப அந்த வசனத்து மேலதான் நிக்குது.

பங்குத்தந்தை, பங்குப் பேரவை

நாலு பேரு சேந்தோம் ஆரம்பிச்சோம்னு போகாதீங்க. ஃபாதர் கிட்ட போய் பேசி, பங்குப் பேரவைல வெச்சு, அன்பியங்கள் வழியா அறிவிச்சு வந்தாதான் இது பங்கோட வேலையா இருக்கும். இல்லன்னா "அந்த லேடீஸ் குரூப்"னு ஒதுங்கிடும். ஆரணி, போளூர், ஆம்பூர், ராணிப்பேட்டை எதுவா இருந்தாலும் எல்லாருக்கும் வேலூர் ஆயர் இல்லம்தான், பல பங்கு சேந்து பெருசா எதாவது பண்றதுன்னா அங்க ஒரு கடிதம் போகட்டும்.

ஃபாதர் கிட்ட முக்கியமா ஒண்ணு கேளுங்க, பாவசங்கீர்த்தனம், குரு கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு வாங்கறது. கருக்கலைப்புக்கு திருச்சபைச் சட்டம் 1397ன் படி புறம்பாக்கல், அதாவது திருச்சபைல இருந்து விலக்கி வைக்கிற தண்டனை உண்டு, ஆனா 2016 நவம்பர்ல போப் பிரான்சிஸ் எல்லா குருக்களுக்கும் இந்தப் பாவத்த மன்னிக்கிற அதிகாரத்த நிரந்தரமா குடுத்துட்டாரு. இது நம்ம ஜனங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது, "எனக்கு மன்னிப்பே கெடையாது"ன்னு இருபது வருஷமா நன்மை (நற்கருணை) வாங்காம கடைசி பெஞ்சுல உக்காந்திருக்க அம்மாங்க எங்க பங்குலயே இருந்தாங்க. இத பீடத்துல இருந்து ஃபாதர் வாயால ஒரு தடவ சொல்ல வைங்க. விழிப்பு அன்னிக்கு ராத்திரி பூரா பாவசங்கீர்த்தனத் தொட்டில ஒரு குரு இருக்கணும், பக்கத்துப் பங்கு குருவா இருந்தா இன்னும் நல்லது, தெரிஞ்ச ஃபாதர் கிட்ட சொல்ல வெக்கப்படுவாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சு வெச்சிக்கங்க

நம்ம விசுவாசம் வேற, நாட்டுச் சட்டம் வேற, ரெண்டும் தெரியாம யாருக்கும் யோசன சொல்லக் கூடாது. கருக்கலைப்புக்கான எம்டிபி சட்டம் 1971ல வந்தது, 2021ல திருத்தினாங்க. இப்ப 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் கருத்து போதும், 20ல இருந்து 24 வாரம் வரைக்கும் குறிப்பிட்ட சில நிலைமைல இருக்க பொண்ணுங்களுக்கு ரெண்டு டாக்டர், அதுக்கு மேலன்னா சிசுவுக்குப் பெரிய குறை இருந்து மெடிக்கல் போர்டு ஒத்துக்கணும். கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கும் 24 வாரம் வரைக்கும் பொருந்தும்னு 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இதுல எனக்கு சம்மதம் இல்ல, மனசு வலிக்குது, ஆனா அந்தப் பொண்ணு கிட்ட போய் "போலீஸ் புடிச்சிடும்"னு பொய் சொல்லி பயமுறுத்த மாட்டேன். பொய்யால காப்பாத்துறேன்னு கெளம்பினா நம்ம ஜெபத்துக்கு என்ன அர்த்தம்.

ஒரு பொண்ணு கலைச்ச விவரத்த, அவ பேர வெளிய விடறதுக்கு அதே சட்டத்துல ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. அது முதல்ல டாக்டர், ஆஸ்பத்திரி ஆளுங்களுக்குச் சொன்னது, ஆனா நாமளும் அப்படியே நடந்துக்கணும். யாரையும் போட்டோ எடுக்காதீங்க, வாட்ஸாப்ல "இன்னாருக்காக ஜெபிங்க, கலைக்கப் போறாங்களாம்"னு போடாதீங்க.

பல பேருக்குத் தெரியாத இன்னொண்ணு, பொண்ணோட சம்மதம் இல்லாம கலைக்க வெக்கிறது பெரிய குற்றம், ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். மாமியாரோ புருஷனோ இழுத்துட்டுப் போனா அவளுக்குச் சட்டம் துணை இருக்கு, பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடலாம். ஸ்கேன்ல ஆணா பொண்ணான்னு சொல்றது 1994 சட்டப்படி குத்தம். நம்ம வட ஆற்காடு, திருவண்ணாமலை பக்கம் வீட்டுக்குள்ளயே மெஷின் வெச்சு பாத்துச் சொல்லி மாட்டினவங்க செய்திய நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. பொண்ணுன்னா கலை, இதுதான் நம்ம ஊர்ல நடக்குற கலைப்புல ரொம்பக் கொடுமையானது, இதுக்காக ஜெபிக்கறப்ப எனக்கு எப்பவும் தொண்ட அடைக்கும்.

ஜெபத்துக்கு முன்னாடி கதவு

தேதி குறிக்கறதுக்கு முன்னாடி, நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி, ரெண்டு வீட்ட ரெடி பண்ணுங்க. நடு ராத்திரி ஒரு பொண்ணு பையோட வந்து நின்னா கேள்வி கேக்காம பாய் போட்டுக் குடுக்கற வீடு. ரெண்டு மூணு நாள் தங்க வெச்சு அதுக்குள்ள கன்னியர் மடத்துலயோ வேற எங்கயோ நெடுநாள் ஏற்பாடு பண்ணலாம். ஒரு போன் நம்பர், அத எடுக்க முறை போட்டு மூணு பொம்பளைங்க, மூணு பேரும் வாயக் கட்டத் தெரிஞ்சவங்களா இருக்கணும், பக்திய விட இங்க அதுதான் முக்கியம்.

அப்புறம் பணம். எங்க பங்குல ஏழைங்களுக்கு உதவற வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்க தனி நோட்டு போட்டு மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வெக்கறாங்க. ஏன் தனியான்னு சொல்றேன். கவர்மெண்ட்டோட முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவில 18,000 ரூபா வருது, ஊட்டச்சத்து பெட்டியும் அதுக்குள்ளயே, 12 வாரத்துக்குள்ள நர்சம்மா கிட்ட பதிஞ்சு பிக்மிங்கிற கர்ப்பப் பதிவு நம்பர் வாங்கிடணும், ஆனா அது முதல் ரெண்டு பிரசவத்துக்குத்தான். ஷூ கம்பெனில ஈஎஸ்ஐ கார்டு இருக்க பொண்ணுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, மூணாவது குழந்தைன்னா 12 வாரம்தான். நம்ம பக்கம் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி, குடியாத்தம் பீடின்னு வேல செய்யற பொண்ணுங்க "கலைச்சிடலாமா"ன்னு யோசிக்கறது பெரும்பாலும் மூணாவதுலதான், சரியா அந்த எடத்துலதான் கவர்மெண்ட் கை சுருங்குது. அங்க பங்கு கை நீளணும், அதுக்குத்தான் அந்த நோட்டு.

பிள்ளைய வளக்கவே முடியாதுன்னு சொல்றவங்களுக்கு வழி இருக்கு. 1992ல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டம் எல்லாருக்கும் தெரியும். அது இல்லாம, மாவட்ட குழந்தைகள் நலக் குழு முன்னாடி முறைப்படி ஒப்படைக்கலாம், மனசு மாறினா திரும்ப வாங்கிக்க ரெண்டு மாசம் டைம் உண்டு. தயவு செஞ்சு "எங்க பங்குல பிள்ளை இல்லாத தம்பதி இருக்காங்க, அவங்களுக்கே குடுத்துடலாம்"னு நீங்களே கைமாத்தி விடாதீங்க, எவ்ளோ நல்ல எண்ணம்னாலும் அது சட்டவிரோதம், நாளைக்கு அந்தக் குழந்தைக்கே சிக்கல். பொண்ணுக்கு 18 வயசு ஆகலன்னா சிறார் பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டம் வந்துடும், தெரிஞ்சும் மறைக்கக் கூடாது, குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லி முறையா போங்க, ஆனா அவ கைய விட்டுடாதீங்க.

எங்க, எப்போ

நாங்க இப்ப கோயிலுக்குள்ளயும் மாதா சொரூபம் இருக்க கெபி முன்னாடியும்தான். கோயில் வளாகத்துக்குள்ளன்னா பிரச்சன இல்ல. ரோட்டுல ஊர்வலம், மெழுகுவத்தி பவனின்னா முன்கூட்டியே போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிடுங்க. ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது, ஆஸ்பத்திரியச் சுத்தி 100 மீட்டர் அமைதிப் பகுதி, வேலூர் டவுன்ல தடுக்கி விழுந்தா ஆஸ்பத்திரிதான்னு உங்களுக்கே தெரியும். அமெரிக்கால டெக்ஸாஸ்ல 2004ல நாப்பது நாள் விழிப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சு கிளினிக் வாசல்ல நிக்கிற பழக்கம் பல நாட்டுக்குப் பரவுச்சு, அத யூடியூப்ல பாத்துட்டு நம்ம பசங்களும் கேப்பாங்க. அங்க தனியா அதுக்குன்னே கிளினிக் இருக்கு. நம்ம ஊர்ல ஒரே நர்சிங் ஹோம்ல மாடில பிரசவம் கீழ காய்ச்சல், அதனாலதான் எங்களுக்கு நடந்தது நடந்தது.

தேதிக்கு, நாங்க மாசாமாசம் முதல் வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை ராத்திரி வெச்சிருக்கோம். பெரிய விழிப்பு வருஷத்துல ஒண்ணு, ஆகஸ்ட் 10. எம்டிபி சட்டம் வந்த நாள்னு இந்திய ஆயர் பேரவை 2021ல, சட்டத்துக்கு 50 வருஷம் ஆனப்ப, அத துக்க நாளா கடைப்பிடிக்கச் சொன்னாங்க. அது பரலோக மாதா நவநாளுக்குள்ளயே வருது, ஆகஸ்ட் 15 திருநாளுக்காக ஜனங்க எப்படியும் கோயிலுக்கு வர்ற நாள், தனியா ஆள் சேக்க வேண்டியதில்ல. டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாளும் நல்ல நாள்தான், ஆனா கிறிஸ்மஸ் அலுப்புல கூட்டம் வராது. ஏப்ரல் மே வெய்யில்ல பகல்ல எதுவும் வைக்காதீங்க, வேலூர் வெய்யில்ல வயசானவங்க மயங்கி விழுந்து நாங்க பாத்திருக்கோம்.

ராத்திரி நடக்கறது

8 மணிக்குத் திருப்பலி, முடிஞ்சதும் நற்கருணை எழுந்தேற்றம், அதாவது ஆராதிக்க நற்கருணைய பீடத்துல எல்லாரும் பாக்க வெக்கறது. 9ல இருந்து 10 வரைக்கும் பாட்டோட ஆராதனை, பத்துக்கு மைக் ஆஃப். அப்புறம் அன்பியத்துக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஜெபமாலை. சந்தோஷ மறையுண்மைல ரெண்டாவது பத்து, மரியா எலிசபெத்தம்மாவப் பாக்கப் போனது, வரும்போது கர்ப்பமா இருக்க ஒரு பொண்ணு இருந்தா அவளையே சொல்லச் சொல்லுங்க, அந்தக் குரல்ல "உம்முடைய திருவயிற்றின் கனியாகிய"ன்னு கேக்கறப்ப கோயிலே அமைதியாயிடும். ராத்திரி 1ல இருந்து 3 வரைக்கும் எதுவும் சொல்லாதீங்க, மௌனம். முதல்ல எல்லாரும் நெளிஞ்சாங்க, இப்ப பாவசங்கீர்த்தனத்துக்கு ஆளு எழுந்து போறதே அந்த ரெண்டு மணி நேரத்துலதான். நற்கருணை முன்னாடி எந்நேரமும் ரெண்டு பேருக்குக் குறையாம இருக்கணும், அதுக்கு முறைச் சீட்டு ஒட்டி வைங்க. 3 மணிக்கு இறை இரக்க செபமாலை, நாலரைக்கு ஆசீர். பொண்ணுங்கள இருட்டுல தனியா அனுப்பாதீங்க, முதல் பஸ் வர வரைக்கும் டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கட்டும்.

அந்த டீ நேரத்துலதான் எங்களுக்கு முதல் ஆள் வந்தா. கெபி பக்கத்துலதான் ஷூ கம்பெனி வேன் நிக்கும். வேனுக்கு சீக்கிரமே வந்துட்ட ஒரு பொண்ணு, நம்ம கோயில் பொண்ணும் இல்ல, டிபன் பைய மடில வெச்சிட்டு, "இன்னாம்மா ராத்திரி பூரா லைட் எரிஞ்சுது, யாராச்சும் தவறிட்டாங்களா"ன்னு கேட்டா. பொறக்காத பிள்ளைங்களுக்காக ஜெபம்மான்னேன். டீ கிளாஸ ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருந்தா. "எனக்கு ரெண்டும் பொண்ணு, இப்ப நாள் தள்ளிப்போயி மூணு மாசம், மெடிக்கல்ல கலைக்கற மாத்திர கிட்டு வாங்கித் தரேன்றாரு வூட்டுக்காரரு." வேன் ஹாரன் அடிச்சுது. போன் நம்பர் எழுதின சீட்டத் தந்தேன், டிபன் பைக்குள்ள மடிச்சு வெச்சிட்டு ஏறிட்டா.

ஒம்போது நாள் கழிச்சு கூப்பிட்டா. நான் அவ கிட்ட பாவம் புண்ணியம் எதுவும் பேசல. டாக்டர் பாக்காம அந்த மாத்திரையப் போட்டா ரத்தம் நிக்காம போகலாம், அத மட்டும் பண்ணாதன்னேன், அப்புறம் உனக்கு என்ன பயம்னு கேட்டேன். வேல போயிடும், வாடக, மாமியாரு, இந்த மூணுதான். ஈஎஸ்ஐ பேப்பருக்கு எங்க குழுல கம்பெனி ஆபீஸ்ல வேல பாத்து ரிட்டயர் ஆன ஒருத்தர் கூடப் போனாரு. லீவு முடிஞ்சு மூணு மாச வாடகைய அந்த நோட்டுல இருந்து குடுத்தோம். மாமியார் கிட்ட நாங்க யாரும் போகல, அதே தெருவுல இருக்க ஒரு பாட்டியம்மா போய் பேசினாங்க, தெருக்காரங்க சொன்னாதான் கேப்பாங்க. மூணாவதும் பொண்ணுதான். மாமியார் இன்னிக்கு வரைக்கும் எனக்கு முகம் குடுத்துப் பேசல, ஆனா பேத்தியத் தூக்கிட்டு பால்வாடிக்குப் போறது அவங்கதான்.

எல்லாம் இப்படி முடியாது. பேசிட்டு, அழுதுட்டு, போய் கலைச்சிட்டு வந்தவங்களும் இருக்காங்க. அவங்க வீட்டுக்கும் அதே கஞ்சியோட போனோம். ரத்தப்போக்கு ஜாஸ்தியா, காய்ச்சல் இருக்கான்னு கேட்டு, இருந்தா 108 கூப்பிடுங்க, மத்தது அப்புறம். திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு பொண்ணுங்க பிரசவத்துல செத்ததப் பாத்துட்டு டாக்டராகி வந்த ஐடா ஸ்கடர் அம்மா வேல செஞ்ச ஊரு இது, இங்க தாயோட உசுர ரெண்டாவதா வெச்சுப் பேசினா ஜனங்க காது குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது.

போன்ல பேசறவங்களுக்கு ரெண்டு வார்த்த. "கொல"ன்ற வார்த்தைய எடுக்காதீங்க. முதல் கேள்வி "சாப்டியாம்மா"வா இருக்கட்டும். நீங்க டாக்டர் இல்ல, மருந்து மாத்திரை பத்தி டாக்டர் கிட்ட அனுப்புங்க, நம்பிக்கையான ஒரு லேடி டாக்டர முன்னாடியே பாத்து பேசி வெச்சிக்கங்க. "பெத்துக்கோ, நாங்க பாத்துக்கறோம்"னு முடியாதத வாக்குக் குடுக்காதீங்க, மூணு மாச வாடகைதான் முடியும்னா மூணு மாசம்னே சொல்லுங்க.

வயசானவங்களுக்கும் வீட்ல இருக்கவங்களுக்கும்

ராத்திரி கண் முழிக்க முடியாதவங்க ஒம்போது மாச ஜெபம் எடுத்துக்கலாம், ஆன்மீகத் தத்தெடுப்புன்னு சொல்வோம், ஆயர் ஃபுல்டன் ஷீன் பேரால வழங்கி வர்ற சின்ன ஜெபம். ஆபத்துல இருக்க, யாருன்னே தெரியாத ஒரு சிசுவுக்காக தெனம் ஒரு தடவ. மார்ச் 25 மங்கள வார்த்தை திருநாள்ல ஆரம்பிச்சா கணக்கா டிசம்பர் 25ல ஒம்போது மாசம். ஆரம்பிக்கற அன்னிக்கு ஒவ்வொருத்தரும் அந்தக் குழந்தைக்கு ஒரு பேரு வெச்சு சீட்டுல எழுதி பீடத்துல வெப்பாங்க. புனித ஜியான்னா பேரு எங்க பங்குல நிறைய வரும், அவங்களும் டாக்டர், தாய், 1962ல தன் நாலாவது பிள்ளையப் பெத்துட்டு ஒரு வாரத்துல இறந்தவங்க. ஏப்ரல் 28 அவங்க திருநாள்.

கிறிஸ்மஸ் ராத்திரி அந்தச் சீட்டெல்லாம் குடில்ல வைக்கோலுக்கு அடியில போகும். போன வருஷம் ஒரு சீட்டுல நான் பாத்த பேரு, முதல் வருஷம் அந்த ஆட்டோல ஏறிப் போனாளே அந்தப் பொண்ணு எழுதினது, துடிப்பு நின்னு போன தன் குழந்தைக்கு வெக்கணும்னு அவ நெனச்சிருந்த பேரு. குடிலப் பிரிக்கறப்ப சீட்ட குப்பையோட போட்டுடாதீங்க. நாங்க எல்லாத்தையும் ஒரு மண் சட்டில எரிச்சு, கெபி ஓரமா இருக்க செம்பருத்தி அடியில புதைக்கறோம், அவதான் மண்ணு தள்ளுவா.